சும்மாட்டில் வந்த கடிதம்

அருப்புக்கோட்டை
4.6.1972, ஞாயிறு

அன்புள்ள தங்கை சௌடம்மாளுக்கு அண்ணன் வேங்கடபதி ஆசி கூறி எழுதுவது. இங்கு நானும் உன் மதினி சௌந்தரமும் சௌக்கியம். அவளுடைய இடது முழங்கால் மட்டும் சௌக்கியம் அல்ல. உன் தேக நலத்தைத் தெரிவிக்கவும்.

உன் கடிதம் 2.6.1972 வெள்ளியன்று பிற்பகல் கிடைத்தது. அதில் நீ தேதி இடவில்லை. தபால் இலாகாவில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்து, சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வுபெற்ற ஒருவனுக்குத் தேதியில்லாத கடிதம் எழுதலாம் என்று உனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 9 மே, மசாசி என்று இருக்கிறது. நீ தாரெஸ்ஸலாம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருப்பதாக அல்லவா ஊரில் அனைவரிடமும் சொல்லி வருகிறேன்? தேசப்படத்தில் மசாசி அங்கிருந்து முந்நூறு மைலுக்கு மேல் தெற்கே, போர்த்துகீசியர் ஆளும் மொசாம்பிக்கின் எல்லையருகே கிடக்கிறது. அங்கே உனக்கு என்ன வேலை?

மாப்பிள்ளை காலமானபின் நீ நர்சுப் படிப்பை முடித்துக் கப்பலேறிய நாள் 17.8.1966. உன் ஒப்பந்தம் முடியும் நாள் 31.3.1973. அதன்பின் நீ வந்து தங்குவதற்காக வடக்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பூட்டி வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் புறப்படுவாய் என்று எழுதினால் மற்ற ஏற்பாடுகளைச் செய்வேன். மழை இல்லை. பந்தல்குடிப் பக்கம் கம்பு முளைக்கவே இல்லை.

இப்படிக்கு,
வேங்கடபதி

•

(தேதியில்லை. மேலே வேங்கடபதியின் கையெழுத்தில்: வந்து சேர்ந்தது 21.7.1972, வெள்ளி.)

மேன்மை பொருந்திய அண்ணா அவர்களுக்குத் தங்கை சௌடம்மாள் வணக்கம். நான் சுகம். மதினியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவவும். நான் சொன்னதாகச் சொன்னால்தான் செய்வார்கள்.

முத்திரையைப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானே கேட்டுத்தான் இங்கே மாற்றிக்கொண்டு வந்தேன். தெற்கே ரூவுமா என்று ஒரு ஆறு. அதற்கு அக்கரையில் மொசாம்பிக் மக்கள் தங்கள் நாட்டை மீட்கச் சண்டையிடுகிறார்கள். காயம்பட்டவர்கள் ஆற்றைக் கடந்து எங்களிடம் வருகிறார்கள். பாதிப்பேர் பெண்கள். முதல் நாள், இவர்கள் யாருக்குச் சமைக்கப் போனார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

ஜுஸ்தினா என்று ஒருத்தி கழுத்து வலியோடு வந்தாள். வயது இருபத்துநான்கு. அந்தக் காட்டில் பாதையில்லை, வண்டியில்லை. துப்பாக்கி, குண்டு, மருந்து, உப்பு எல்லாம் பெண்களின் தலையில்தான் உள்ளே போகின்றன. எட்டு நாள் நடை. திரும்பும்போது அங்கே விளைந்த எள்ளையும் கடலையையும் சுமந்து வருகிறார்கள். அவள் வீட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒன்று, வெள்ளைக்காரனுக்கு முன்னால் ஒன்று பேசி வளர்ந்தவள். வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழும் பேசிய நமக்கு அவளைப் புரிந்துகொள்வது கடினமாக இல்லை.

தேதி போடாததற்கு மன்னிக்கவும். இங்கே எழுதுகிறவர்கள் நாளும் இடமும் போடக் கூடாது என்று ஒரு வழக்கம். மற்றவை பிறகு.

அன்புத் தங்கை,
சௌடம்மாள்

•

அருப்புக்கோட்டை
30.7.1972, ஞாயிறு

அன்புள்ள தங்கைக்கு ஆசி. இருவரும் சௌக்கியம். நல்லெண்ணெய் தடவப்படுகிறது.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். போர்த்துகீசியரை நாம் கோவாவிலிருந்து அனுப்பிவைத்த நாள் 19.12.1961; அன்று ஆபீசில் வந்த தந்தியை நானே எழுதிக்கொண்டேன். அவர்கள் இன்னும் ஆப்பிரிக்காவில் உட்கார்ந்திருப்பதை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். ஒரு பெண் தலையில் எத்தனை பவுண்டு சுமப்பாள்? நாளைக்கு எத்தனை மைல்? தலைக்கும் பெட்டிக்கும் நடுவே என்ன வைக்கிறார்கள்? ஆகாய விமானம் வந்தால் சுமையை என்ன செய்வார்கள்? இவற்றுக்கு விடை தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாளையம்பட்டியிலிருந்து டீக்கடைகளுக்குத் தண்ணீர் சுமக்கும் சந்தனம்மாளை நேற்றுக் காலை நிறுத்தி, "குடம் எத்தனை படி கொள்ளும்?" என்று கேட்டேன்.

"தண்ணிப் பஞ்சத்துக்குக் கணக்கெடுக்க வந்த ஆபீசரா அய்யா நீங்க?"

"இல்லை. ஆப்பிரிக்காவில் பெண்கள் தலையில் குண்டு சுமக்கிறார்கள். அதற்காகக் கேட்கிறேன்."

குடத்தை இறக்கி வைத்தாள். "குண்டா? யாரு மேல போட?"

"அவர்கள் நாட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மேல்."

சற்று யோசித்தாள். "அப்பச் சுமக்கட்டும். கழுத்து வலிக்குதுன்னா சும்மாடு சரியில்லன்னு சொல்லுங்க. பாரம் கழுத்துல நிக்கக் கூடாது, சும்மாட்டுல நிக்கணும். வெறுந்துணியச் சுருட்டி வச்சா அரை மைலுல தட்டையாப் போயிரும்."

இந்தத் தகவலை ஜுஸ்தினாவிடம் தெரிவிக்கவும். நீ புறப்படும் தேதியை எழுத மறந்துவிட்டாய். எழுதவும்.

வேங்கடபதி

•

(தேதியில்லை. வந்து சேர்ந்தது 14.9.1972, வியாழன்.)

மேன்மை பொருந்திய அண்ணாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

உங்கள் கேள்விகளை ஜுஸ்தினாவிடம் அப்படியே கேட்டேன். "உன் அண்ணன் எங்கள் படையில் சேரப் போகிறாரா?" என்று சிரித்தாள். சுமை முப்பது கிலோ. உங்கள் கணக்கில் அறுபத்தாறு பவுண்டு. மைல் அவளுக்குத் தெரியாது. விடியலில் புறப்பட்டால் நிழல் காலடிக்கு வரும்போது ஒரு முறை உட்காருவார்கள். தலையில் வைப்பது புல்லைத் திரித்த வளையம். மழையில் அது அழுகிப்போகிறது. அதனால்தான் கழுத்து வலி. விமானச் சத்தம் கேட்டால் சுமையைத் தள்ளிவிட்டு ஓடிப் படுக்க வேண்டும் என்பது கட்டளை. ஜுஸ்தினா தள்ளுவதில்லை, இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடுவாள். அதற்காக அவளை இரண்டு முறை கண்டித்திருக்கிறார்கள்.

முதலில் இவர்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்க ஆண்கள் சம்மதிக்கவில்லையாம். ஊர்ப் பெரியவர்கள், பெண்கள் இருக்கும் கூட்டத்தில் போர் பற்றிப் பேச மாட்டோம் என்றார்களாம். இவர்கள் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர்கள் பேசாமல் இருந்தார்கள். இவர்களும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வரை அப்படியே. பிறகு பெரியவர்களுக்குப் பசித்துவிட்டது, சமைக்க ஆளில்லை, பேசத் தொடங்கிவிட்டார்கள். போன மாதம் ஒருத்தியின் கணவன் முகாமுக்கே வந்து, "எனக்கு யார் சோறாக்குவது?" என்று சத்தம் போட்டான். அவள் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பானை இருக்கு, மாவு இருக்கு. கையும் உனக்கு இரண்டு இருக்கு, நான் பார்த்திருக்கேன்." அவன் மூன்று நாள் தங்கினான். இப்போது மருந்துப் பெட்டி தூக்குகிறான்.

சந்தனம்மாளின் சும்மாடு எப்படிச் செய்வது என்று ஜுஸ்தினா கேட்கிறாள்.

அன்புத் தங்கை,
சௌடம்மாள்

•

அருப்புக்கோட்டை
24.9.1972, ஞாயிறு

அன்புள்ள தங்கைக்கு ஆசி. நலம், என் கழுத்து நீங்கலாக.

எழுத்தில் விளக்கினால் பிழை நேரும் என்று, சந்தனம்மாளை வீட்டுக்கே வரவழைத்து, உன் மதினியை உடன் வைத்து இரண்டு சும்மாடுகள் செய்வித்தேன். உள்ளே பனைநார் வளையம். அதன்மேல் பக்கத்து வீட்டுப் பாலையா தறியில் வெட்டிப்போட்ட கழிவு நூலை நெருக்கிச் சுற்ற வேண்டும். வெளியே பழைய கண்டாங்கித் துணி. நூல் எண்ணெய் குடிக்கும், நசுங்காது என்கிறாள் சந்தனம்மாள்.

அனுப்புமுன் பரிசோதிப்பது முறையல்லவா? சும்மாட்டை வைத்து முக்கால் குடம் தண்ணீரோடு முற்றத்தில் நடந்தேன். பதினோராவது அடியில் தண்ணீர் என்மேல் இறங்கிவிட்டது. உன் மதினி சிரித்ததை நான் ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தேன். "இவுகள நம்பி நாட்ட விட்டிருந்தா நமக்கு இன்னும் சுதந்திரம் வந்திருக்காது" என்று சந்தனம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொட்டலம் 25.9.1972 அன்று ரசீதுடன் அனுப்பப்படும். நீ என் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதுகிறாய், ஒன்றைத் தவிர. புறப்படும் தேதி என்ன?

வேங்கடபதி

•

(தேதியில்லை. வந்து சேர்ந்தது 28.12.1972, வியாழன்.)

மேன்மை பொருந்திய அண்ணாவுக்கும் மதினிக்கும் வணக்கம். சுகம்.

சும்மாடுகள் வந்தன. ஒன்றை ஜுஸ்தினா எடுத்துக்கொண்டாள். மற்றதற்கு ஆறு பேர் முறை வைத்திருக்கிறார்கள். முகாமில் அதற்கு "அண்ணன்" என்று பேர் வைத்துவிட்டார்கள். "அண்ணன் எங்கே, நான் புறப்படணும்" என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அண்ணா, சில காலம் நான் எழுத முடியாமல் போகலாம். வேலை அதிகம். கவலைப்பட வேண்டாம். மதினியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சௌடம்மாள்

•

அருப்புக்கோட்டை
18.3.1973, ஞாயிறு

அன்புள்ள தங்கைக்கு ஆசி. உன் கடிதம் வந்து இன்றோடு எண்பது நாள். மசாசித் தபால் அருப்புக்கோட்டைக்கு வரச் சராசரியாக இருபத்துநான்கு நாள் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறேன். ஆகவே இது தபாலின் தாமதம் அல்ல.

உன் ஒப்பந்தம் முடியப் பதின்மூன்று நாள் இருக்கிறது. நீ எங்கே இருக்கிறாய் என்பதை எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். இருக்கிறேன் என்று மட்டும் எழுது. புறப்படும் தேதியையும் எழுது.

உன் மதினி வடக்கு அறையைத் தினம் பெருக்குகிறாள்.

வேங்கடபதி

•

அருப்புக்கோட்டை
6.5.1973, ஞாயிறு

அன்புள்ள தங்கைக்கு.

நீ உயிரோடிருக்கிறாய் என்பதை உனக்கே தெரிவிக்க வேண்டிய நிலையில் இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

3.5.1973 வியாழன் காலை திருச்சுழிக்குப் போயிருந்தேன். என் ஓய்வூதியப் புத்தகத்தில் பிறந்த தேதி ஒரு நாள் பிழையாக இருப்பதை, அங்குள்ள பிறப்புப் பதிவேட்டின் நகலைக் கொண்டு திருத்துவதற்காக. பதினொன்றரை மணிக்குப் போஸ்ட்மேன் பால்பாண்டி உன் கடிதத்தைக் கொண்டுவந்தான். அதன் ஒரு மூலை கறுப்பாக இருந்தது. சாவுச் செய்தி எழுதும் கடிதத்துக்கு மூலையில் கறுப்புத் தடவுவதும், அதைப் படித்ததும் கிழித்துப்போட்டுத் தலைமுழுகுவதும் நம் பக்கத்து வழக்கம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். அத்தகைய கடிதத்தை மற்றவற்றோடு கலக்காமல், தெருவில் நின்று, விவரம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று 1949இல் என் ஆபீசில் ஆணையிட்டவன் நானே. பால்பாண்டி என்னிடம் வேலை பழகியவன்.

"அம்மா, மனசத் திடப்படுத்திக்கோங்க. ஆப்பிரிக்காவுல இருந்து. மூலையில கறுப்பு" என்றிருக்கிறான்.

உன் மதினிக்கு எழுத்துத் தெரியாது. "படிச்சுக் காட்டவா?" என்று கேட்டானாம். "வேணாம்ப்பா. என்ன எழுதியிருக்குன்னுதான் மூலையே சொல்லுதே" என்று வாங்கிக் கிழித்துத் தெருவில் போட்டுவிட்டாள்.

நான் நாலு மணி பஸ்ஸில் வந்து இறங்கியபோது வாசலில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். யாரோ என் தலையில் கிணற்று நீரை ஊற்றினார்கள். நனைந்தபடியே, "எந்தத் தேதி?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "தங்கச்சி செத்துக் கெடக்கா, இவுக தேதி கேக்குறாக" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். இறந்த நாள் தெரியாமல் எந்தத் திதியில் உனக்கு எள்ளும் தண்ணீரும் விடுவது? ஈர வேட்டியோடு தெருவில் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன். பதினொன்றாகக் கிழித்திருந்தாள். ஒன்பது கிடைத்தன. கூடத்துத் தரையில் வைத்துப் பொருத்தியபோது முதலில் உன் கையெழுத்தைக் கண்டேன். இறந்தவர்கள் தம் கையால் எழுதுவதில்லை என்பது உறைக்க எனக்குச் சற்று நேரமாயிற்று.

உன் மதினியிடம் சொன்னேன். துண்டுகளைத் தொட்டுப் பார்த்தாள். "செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டி" என்றாள். பிறகு அழுதாள், காலையில் அழுததைவிட அதிகமாக.

முத்திரை 11.4.1973, மசாசி. "நான் சுகம்" என்று ஒரு துண்டு. "மார்ச் 31க்குப் பிறகு நான்" என்பதோடு இன்னொன்று முடிகிறது. அதற்கு அடுத்த துண்டைப் பாலையா வீட்டு ஆடு தின்றுவிட்டது; பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மூலையில் இருந்தது மை அல்ல, ஏதோ எண்ணெய். அது எங்கிருந்து வந்தது? மார்ச் 31க்குப் பிறகு நீ என்ன? தேதியோடு எழுதவும்.

வேங்கடபதி

•

(தேதியில்லை. வந்து சேர்ந்தது 19.7.1973, வியாழன்.)

மேன்மை பொருந்திய அண்ணாவுக்கும் மதினிக்கும் நமஸ்காரம். உங்களை அழவைத்துவிட்டேன்.

இனி மறைக்கவில்லை. ஜனவரியில் நான் ஆற்றைக் கடந்து உள்ளே வந்தேன். இங்கே பெண்கள் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்; தையல் போடவும் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொடுக்க ஆளில்லை. பன்னிரண்டு பேருக்குக் கற்பிக்கிறேன். அந்தக் கடிதத்தை இங்கிருந்துதான் எழுதினேன். எள் மூட்டையோடு மசாசிக்குப் புறப்பட்ட ஜுஸ்தினாவிடம் கொடுத்தேன். ஆற்றில் நனையாமலிருக்க, சும்மாட்டின் துணியைப் பிரித்து உள்ளே செருகிக்கொண்டாள். பல நடை குண்டுப் பெட்டி சுமந்து, அந்தப் பெட்டிகளில் பூசியிருக்கும் கிரீஸ் அதில் ஊறியிருந்தது. நூல் எண்ணெய் குடிக்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள்.

அவள் தபாலைச் சேர்த்துவிட்டு, எனக்கு மருந்துப் புட்டிகள் ஏற்றிக்கொண்டு ஒன்பது பேரோடு திரும்பினாள். வழியில் விமானம் வந்தது. எல்லோரும் சுமையைத் தள்ளிவிட்டு ஓடினார்கள். அவள் குனிந்து பெட்டியை இறக்கி வைத்தாள். அதற்கு எடுத்த நேரம் அதிகம்.

ஒரு புட்டிகூட உடையவில்லை, அண்ணா.

எந்த நாள் என்று வந்தவர்களைக் கேட்டேன். நடையின் நாலாம் நாள் என்கிறாள் ஒருத்தி. ஆறு என்கிறாள் மற்றவள். இங்கே யாரும் நாளை எழுதிவைப்பதில்லை. ஆடு தின்ற துண்டில் இருந்தது இதுதான்: மார்ச் 31க்குப் பிறகு நான் வரவில்லை. ஏன் என்று அப்போது நான்கு காரணம் எழுதியிருந்தேன். இப்போது அந்தப் புட்டிகள் போதும்.

வடக்கு அறையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

சௌடம்மாள்

•

அருப்புக்கோட்டை
27.9.1973, வியாழன்

அன்புள்ள தங்கை சௌடம்மாளுக்கு அண்ணன் வேங்கடபதியும் மதினி சௌந்தரமும் ஆசி கூறி எழுதுவது. இருவரும் சௌக்கியம்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எழுபது நாள் எடுத்துக்கொண்டேன். இது என் வழக்கமல்ல. ஜுஸ்தினா 11.4.1973 அன்று மசாசியில் உயிரோடு இருந்தாள். அதற்கு என்னிடம் முத்திரை இருக்கிறது. அதற்குப் பிந்திய நாளைத் தீர்மானிக்க எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை உரியது. நேற்று, 26.9.1973 புதன், புரட்டாசி பத்தாம் தேதி, அந்த அமாவாசை.

அவள் மாதா கோயிலைச் சேர்ந்தவளா, வேறு தெய்வம் கும்பிட்டவளா என்று நீ எழுதவில்லை. அவளுக்கு இது முறைதானா என்று யோசித்தேன். ஆனால் மே மூன்றாம் தேதி சாவுச் செய்தி என்று நான் தலைமுழுகியபோது, செத்திருந்தவள் அவள். ஆள் மாறிப்போனதே தவிர, ஊற்றிய நீர் ஊற்றியதுதான். மீதியைச் செய்யாமல் விடுவது சரியாகப் படவில்லை.

காலை ஆறு பத்து பஸ்ஸில் திருச்சுழி போனோம். குண்டாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டியிருந்தார்கள். எடுத்து வர ஆளைத் தேடினேன். உன் மதினி, "குடத்தக் குடுங்க, நான் எடுத்து வாரேன்" என்றாள். குடத்தை இடுப்பில் வைக்கவில்லை; பையிலிருந்து ஒரு சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்தாள். நமக்குத் தெரியாமல் மூன்றாவதாக ஒன்றைச் செய்து வைத்திருக்கிறாள். அந்த முழங்காலோடு மணலில் நாற்பத்தாறு அடி நடந்தாள். நான் கூடவே போனேன். தண்ணீர் சிந்தவில்லை.

புரோகிதர் நம் பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடவைத்து முடித்துவிட்டு, "இன்னும் யாராவது உண்டோ?" என்றார்.

"ஒருவர். ஜுஸ்தினா."

"பேர் வாயிலே நுழையலையே. உமக்கு என்ன உறவு?"

"என் தங்கை எழுதிய கடிதத்தைச் சுமந்து வந்தவள்."

"உறவில்லாதவாளுக்கும் எள்ளுந் தண்ணியும் விடலாம், அதுக்கு இடமிருக்கு. கோத்திரம் தெரியலேன்னா காசியபம்னு சொல்றது. செத்த தேதி?"

"தெரியாது" என்றேன். என் வாயால் அந்தச் சொல்லைச் சொல்வது எளிதாக இல்லை.

உன் மதினி குறுக்கிட்டாள். "பேரத் தப்பில்லாமச் சொல்லுங்க சாமி. எத்தன தடவ ஆனாலும் சரி." அவர் நான்கு முறை முயன்றார். நான்காவது முறை சரியாக இருந்தது. எள்ளைக் கையில் வாங்கும்போது, அவள் கடைசியாக ஆற்றைக் கடந்து கொண்டுவந்ததும் எள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வடக்கு அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. பூட்டை மட்டும் எடுத்துவிட்டேன். பகலில் சந்தனம்மாள் குடத்தை இறக்கி வைத்து அங்கே கால் நீட்டிக்கொள்கிறாள். ஜுஸ்தினாவைப் பற்றிச் சொன்னேன். கையிலிருந்த சும்மாட்டு நூலைப் பிரித்து மறுபடி இறுக்கிச் சுற்றினாள். பிறகு, "புட்டி ஒண்ணும் உடையலையாம்ல" என்று மட்டும் கேட்டாள். அவளும் உன் மதினியும் செய்த பன்னிரண்டு சும்மாடுகள் நாளை 28.9.1973 அன்று மசாசி விலாசத்துக்குப் புறப்படுகின்றன. உன்னிடம் கற்கும் பன்னிரண்டு பேருக்கு.

நீ புறப்படும் தேதியை ஐந்து கடிதங்களில் கேட்டுவிட்டேன். இனிக் கேட்க மாட்டேன். வரும் தேதியை நீ எழுத வேண்டாம். வந்த தேதியை நான் எழுதிக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
வேங்கடபதி